தேசம்மா நிறுத்தி வைத்த அலை

மாசி மாதத்து மதிய வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, மெரினாவுக்குத் தெற்கே, கலங்கரை விளக்கத்தையும் தாண்டி இருக்கிற முத்தியால்குப்பத்துக்கு நேராக, இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பி, மேல்நுனி மடிந்து, இதோ விழப்போகிறேன் என்று வந்த ஓர் அலை, மீன்காரி தேசம்மா அடிவயிற்றிலிருந்து "நில்லு!" என்று போட்ட ஒரு சத்தத்தில் நின்றது. நின்றது என்றால் நுரை நுரையாகவே, மடிப்பு மடிப்பாகவே, உள்ளே ஓடிக்கொண்டிருந்த சங்கரா மீன்கள் வாலைத் திருப்பியது திருப்பியபடியே நின்றது. தேசம்மாவின் குரலைப் பற்றிக் குப்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, நிறுத்தமே இல்லாத இடத்தில் மாநகர பஸ்ஸை நிறுத்தி மீன்கூடையை ஏற்றிய குரல் அது, ஆகையால் அலை நின்றதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; கரையில் மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை இரண்டடி பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தார்கள். தேசம்மா மட்டும் மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள், ஏனென்றால் அந்த அலைக்குள்ளே, தன் படகில் ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மறு கையை உயர்த்தி, வாயைத் திறந்தபடி நின்றுபோயிருந்த மனிதர் அவள் புருஷன் எத்திராசு.

எத்திராசு எப்படிப்பட்ட ஆள் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தொழில் தெரிந்தவர், கைராசிக்காரர், ஆனால் அவருக்கு ஒரு பித்து இருந்தது, அது ஊர் காட்டுகிற பித்து. சென்ட்ரல் வாசலிலோ பஸ் நிலையத்திலோ மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உயரமான கட்டடங்களைப் பார்த்தபடி நிற்கிற வெளியூர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், வலையாவது கடலாவது. "பட்டணம் பாக்க வந்தீங்களா? வாங்க, நான் காட்டுறேன். காசு இன்னாத்துக்கு?" என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காசில்லாமல் பார்க்கக்கூடியவை என்று பட்டணத்தில் முப்பத்தாறு இடங்களை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். சென்ட்ரலின் சிவப்புக் கோபுரம், சாந்தோம் மாதாகோயிலின் வெள்ளை ஊசி, மயிலாப்பூர்க் குளத்துப் படிகள், பாலத்தின் மேல் ஓடுகிற ரயில், மீனம்பாக்கத்தில் தலையை உரசுவதுபோல இறங்குகிற விமானம், துறைமுகத்துக்கு வெளியே முறை வருவதற்காகக் காத்துக்கிடக்கிற கப்பல்கள் என்று அது போய்க்கொண்டே இருக்கும். பழைய ஆட்கள் செத்த காலேஜ் என்று சொல்லும் மியூசியத்தை மட்டும் வெளியே நிறுத்தித்தான் காட்டுவார், "உள்ள போனா டிக்கெட்டு. செத்ததெல்லாம் காசு குடுத்தா பாப்பாங்க?" என்பார். சுற்றி முடிந்ததும் அத்தனை பேரையும் குப்பத்துக்கு அழைத்து வந்து, தேசம்மா கையால் மீன்குழம்புச் சாப்பாடு போட்டு, ஒவ்வொருவரிடமும் "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லி ரயிலேற்றி விடுவார்.

அந்த வியாழக்கிழமை திண்டிவனத்திலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள், அதற்கு முந்தைய நாள் செய்யாற்றுக்காரர்கள், அதற்கும் முந்தைய நாள் ஒரு கல்யாணக் கோஷ்டி. மூன்று நாளாகப் படகு மணலில் கிடந்தது. தேசம்மாவுக்குத் தலைக்கேறிவிட்டது. "ஊராருக்கு ஊர் காட்டுனது போதும்யா, கடலு ஒண்ணு கீது, அதுக்குப் போ!" என்று கத்திவிட்டாள். கடலுக்குக் கிளம்புகிறவரைப் பார்த்து வெறும் 'போ' என்று சொல்கிற வழக்கம் அந்தக் கரையில் கிடையாது. ராத்திரியெல்லாம் சண்டை போட்டுத் துடைப்பத்தைத் தூக்கியவள்கூட, புருஷன் வலையைத் தோளில் போடும்போது 'போயிட்டு வா' என்றுதான் சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்வாள். தேசம்மா பாதியை முழுங்கிவிட்டாள். எத்திராசு ஒரு வார்த்தை பதில் பேசாமல் திண்டிவனத்துக்காரர்களைப் பந்தியில் உட்கார்த்திவிட்டு, யாரும் கடலுக்குப் போகாத அந்த நேரத்தில் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு போனார், அரைமணி நேரத்தில் அலை எழும்பியது.

முதல் வாரம் எல்லா வழிகளையும் பார்த்தார்கள். அலைக்கு வெளியே முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த படகின் மூக்கில் கயிற்றைக் கட்டி இருபது ஆண்கள் இழுத்தார்கள். கயிறு அறுந்ததே தவிரப் படகு அசையவில்லை. அலைக்குள் கையை விட்டால் போனது, முழங்கை வரை போனது, அதற்கு மேல் தண்ணீர் பிடிவாதமாக இருந்தது. தேசம்மா அலையைப் பார்த்துக் கத்தினாள், 'போ' என்றாள், 'நவுரு' என்றாள், 'கலைஞ்சு தொலை' என்றாள், எத்திராசைப் பார்த்து 'வாய்யா, வந்துடுய்யா' என்றாள். நிற்கச் சொன்னதை அவ்வளவு மரியாதையாகக் கேட்ட அலை வேறு எதையும் கேட்கவில்லை.

அப்புறம் பழகிவிட்டது. பழக்கம் என்பது பொல்லாத சாமான், எதையும் விழுங்கிவிடும். மதியத்தில் அலையின் நிழல் விழுகிற இடம் குளுகுளுவென்று இருந்ததால் வலை பின்னுகிறவர்கள் அங்கே பாயை விரித்தார்கள், தாய்மார்கள் அங்கே தூளியைக் கட்டினார்கள், சீட்டாடுகிறவர்கள் குழந்தைகள் தூங்குவதற்காக வாயை மூடிக்கொண்டு ஆடக் கற்றார்கள். காலைச் சூரியன் அலையின் பின்னால் ஏறும்போது குப்பம் முழுவதும் பச்சையாகிவிடும், சோறு பச்சை, சுவர் பச்சை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைகளின் சட்டை பச்சை. அந்த வெளிச்சத்தில் அரைமணி நேரம் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை என்று ஓர் ஏற்பாடு தானாகவே வந்துவிட்டது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது அலைக்கும் ஒரு குவளை வைத்தார்கள். மாதாகோயில் சப்பரம் அந்தப் பக்கம் போனபோது இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனது.

வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். எப்படி வராமல் இருப்பார்கள்? 'சென்னையில் காசில்லாமல் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று பட்டியல் போடுகிறவர்கள் முதலில் அலையைக் கடைசியில் சேர்த்தார்கள், சித்திரையில் நடுவுக்கு வந்தது, ஆனியில் முதல் இடத்துக்கு ஏறிவிட்டது. சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்றன, குப்பத்துப் பெண்கள் பஜ்ஜிக்கடை போட்டார்கள், புதுமணத் தம்பதிகள் அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எத்திராசு கண் இமைத்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறவர் ஒருவராவது தினமும் இருந்தார். முப்பத்தாறு இடங்களை ஊருக்குக் காட்டிய மனிதர் இப்படி முப்பத்தேழாவது இடமாகிப் போனார்.

தேசம்மாவுக்கு இதில் எதுவும் பழகவில்லை. விடிந்ததும் அலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அவர் பார்க்கட்டும் என்று தலையை வாரிக்கொள்வாள், அவருக்கு எதிரிலேயே மீனை விற்பாள், வருகிறவர்கள் கேட்கிற அதே நான்கு கேள்விகளுக்கு அதே நான்கு பதில்களைச் சொல்வாள். அந்த 'போ' அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று அவள் மனது சொல்லிக்கொண்டே இருந்தது, யாரிடமும் அதை அவள் சொல்லவில்லை.

ஐப்பசியில் திருப்பூரிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள், பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், தீபாவளி லீவில் பட்டணம் பார்க்க வந்தவர்கள். இளையவள் அலையையோ மீன்களையோ பார்க்கவில்லை, எத்திராசின் வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு அக்காவின் தோளைத் தட்டி விரல்களால் ஏதோ சொன்னாள். அக்கா தயங்கித் தயங்கித் தேசம்மாவிடம் வந்தாள்.

"ஏனுங்கக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இவ என் தங்கச்சி சாந்தாமணிங்க. இவளுக்குக் காது கேக்காதுங்க, ஆனா ஒதட்டப் பாத்தே பேசறத சொல்லிப்போடுவாளுங்க. அந்த அண்ணன் ஒரு வார்த்தைய பாதியில உட்டுட்டு நிக்கறாருன்னு சொல்றாளுங்க."

தேசம்மாவின் கையிலிருந்த மீன் நழுவியது. "இன்னா வார்த்தைம்மா?"

சாந்தாமணி உதட்டைக் குவித்து, சத்தமில்லாமல், மெதுவாகச் செய்து காட்டினாள். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அது 'போ'.

குப்பம் அன்று சாயங்காலமே இரண்டாக உடைந்தது. பாதிப் பேர் அவர் 'போறேன்' என்றுதான் சொல்ல வந்தார், கோபம் வந்த ஆம்பளை வேறென்ன சொல்வான் என்றார்கள். மீதிப் பேர் 'போயிட்டு வரேன்' என்று அடித்துச் சொன்னார்கள், எத்திராசு யாரையும் வெறும் போ சொல்லி அனுப்பாதவர், தான் மட்டும் அப்படிப் போவாரா என்றார்கள். அது 'போடி'தான் என்று நம்பிய நான்கைந்து கிழவர்கள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கும் இது தொற்றிக்கொண்டது; மதுரைக்காரர்கள் பெரும்பாலும் போறேன் கட்சி, தஞ்சாவூர்க்காரர்கள் போயிட்டு வரேன் கட்சி, கன்னியாகுமரிக்காரர்கள் இரண்டு கட்சிக்கும் போய் விவாதித்துவிட்டு ரயிலைத் தவறவிட்டார்கள். தேசம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. போறேன் என்றால் அவர் திரும்ப வர விரும்பவில்லை என்று அர்த்தம், போயிட்டு வரேன் என்றால் வருவதற்காகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம், இதில் எது என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை நாள் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும்?

மார்கழி பிறந்தபோது, சுற்றுலா இடங்களைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், தன்மையான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மணலில் நடந்தார். பொங்கல் முடிந்த மறுநாள் வேலை தொடங்கும், அலையைச் சுற்றிக் கெட்டியான கண்ணாடிச் சுவர், அடியில் கான்கிரீட் மேடை, இரவில் விளக்கு என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"கவலைப்படாதீங்கம்மா, இன்னும் நூறு வருஷத்துக்கு இது அசையாது. டிக்கெட்டும் கிடையாது. எப்பவும் எல்லாருக்கும் இலவசம்தான்" என்றார், அதை ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

நூறு வருஷம் என்ற வார்த்தை விழுந்த இடத்தில் தேசம்மாவுக்குள் ஏதோ நிமிர்ந்தது. அன்று மாலை ஒரு பெரம்பலூர்க் குடும்பம் அலையைப் பார்த்து முடித்துக் கிளம்ப, பழக்கத்தில் அவள் "போயிட்டு வாங்க" என்றாள், சொன்ன வாய் மூடவில்லை. வந்தவர்களை அனுப்புகிற முறை அதுதானே! இந்த அலையும் வந்ததுதானே! பத்து மாதமாக வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போ, நவுரு, தொலை என்று நாயை விரட்டுவதுபோல விரட்டினால் எது போகும்? முழுங்கிய பாதியைச் சொல்லாதவரை முதல் பாதிக்கு மதிப்பில்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. நேராகக் குப்பத்துத் தலைவர் பக்தவச்சலத்தின் வீட்டுக்குப் போனாள்.

அலையை 'போயிட்டு வா' சொல்லி அனுப்பப்போவதாக அவள் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா பேசற நீ? அலையப் பாத்து வான்னு சொல்லப்போறியா? சுனாமி பாத்த குப்பம்மே இது. என் தம்பிய நான் எங்கேருந்து எடுத்தேன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும் மாமா."

"இப்ப எத்திராசு நல்லாத்தான கீறான். ஒரு நரை வரல, ஒரு நோவு இல்ல. டெய்லி பாக்கறே. அலை வுயுந்தா அவன் மேலதான் வுயும். இன்னாத்தப் பாப்பே அப்ப?"

இதற்குப் பதில் தெரியாமல்தான் தேசம்மா மார்கழி முழுவதும் தூங்காமல் இருந்தாள் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. அவளுக்குப் பதில் கைவசம் இருந்தது. "பாக்கறதுக்கா நான் அவர கட்னேன்?" என்றாள். "ஊரு பாக்கட்டும் மாமா, ஊருக்கு அவரு வேடிக்க. எனக்குப் புருஷன். செத்தா அழுவுறேன், பொயச்சா திட்டுறேன், ரெண்டுல ஒண்ணு வேணும் எனக்கு. கண்ணாடி வேணாம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "கடலுன்னு ஒண்ணு இருந்தா அலை வரத்தான் செய்யும். நான் வான்னாலும் வரும், வராதன்னாலும் வரும். அன்னிக்கு வந்தது சொல்லாம கொள்ளாம வந்திச்சு. இத சொல்லி அனுப்புறேன். சொல்லி அனுப்புனது மரியாதையா வரும்."

பக்தவச்சலம் கடலைப் பார்த்துத் தம்பியின் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு, "கயிறு எத்தினி பாகம் வேணும்?" என்று கேட்டார்.

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், அந்தக் கணக்கில் கயிறு நிறைய வேண்டியிருந்தது. விழுகிற அலை படகைத் தன் பக்கம் இழுக்கும், அதற்கு முன்னால் கரை இழுக்க வேண்டும், அலையை ஜெயிக்கிற இழுப்புக்கு இருபது பேர் எந்த மூலைக்கு? குப்பம் மொத்தமும் பிடித்தாலும் போதாது. ஆகவே அவள் காணும் பொங்கலைத் தேர்ந்தெடுத்தாள். பட்டணத்தில் உள்ளவர்களும் பட்டணம் பார்க்க வந்தவர்களும் கட்டுச்சோற்றோடு கடற்கரைக்கு வந்து கொட்டுகிற நாள், கடலைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதும் தவிர வேறு வேலை இல்லாத நாள், பார்ப்பதற்கென்றே பெயர் வைத்த நாள். கரைவலைக் கயிறுகளை வீடு வீடாக எடுத்துவந்து, எட்டுப் புரியாக முறுக்கி, ஒன்றோடு ஒன்று பிணைத்து, ஒரு முனையைப் படகின் மூக்கில் கட்டினார்கள். மறுமுனை மணலைக் கடந்து, சாலையைக் கடந்து, பஸ்கள் நிற்கிற திடல் வரை போனது.

அன்று மதியம் கூட்டம் கரும்பும் கையுமாக அலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தேசம்மா ஓர் ஐஸ்பெட்டியின் மேல் ஏறி நின்றாள். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் தன் ஒலிபெருக்கியை நீட்டினார். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள், அவரே அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க! பதினோரு மாசமா வந்து பாத்தீங்க. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேக்கல நாங்க. இன்னிக்குக் கேக்கறேன். பாத்தது போதும், கயித்தப் புடிங்க!"

முதலில் ஒரு விழுப்புரத்துக்காரர் சாப்பாட்டுத் தூக்கை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார், மனைவி அதைக் கீழே வைத்துவிட்டுத் தானும் பிடித்தாள். அதற்கப்புறம் யார் முதல், யார் அடுத்து என்று பிரிக்க முடியவில்லை. சேலத்துத் தறிக்காரர்கள், நாகர்கோவில் கன்னியாஸ்திரீகள், கல்லூரிப் பிள்ளைகள், பஸ் டிரைவர்கள், பலூன்காரர், ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிய போலீஸ்காரர், வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிய அந்தத் தன்மையான அதிகாரி, எல்லோர் கையும் கயிற்றின் மேல் இருந்தது. அலைக்கு மிக அருகே, கயிற்றின் முதல் பிடியில் தேசம்மா நின்றாள்.

பயமாக இருந்தது. எத்திராசின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள், இப்படிப் பார்ப்பது இதுதான் கடைசி என்று தெரிந்தே பார்த்தாள். பிறகு கண்ணை உயர்த்தி அலையைப் பார்த்து, கத்தாமல், வீட்டுக்கு வந்தவளை வாசல் வரை வந்து வழியனுப்புகிற குரலில் சொன்னாள்.

"ரொம்ப நாளு நின்னுட்டம்மா நீ. காலு வலிச்சிருக்கும். போயிட்டு வாம்மா."

அலை அதைக் கேட்டது. மேல்நுனியில் நுரை முதலில் அசைந்தது, சங்கரா மீன்கள் விட்ட இடத்திலிருந்து திரும்பின, பிறகு இரண்டு மாடித் தண்ணீரும் ஒரே சத்தமாக இறங்கியது. "இழுங்க!" என்று தேசம்மா போட்ட கூச்சல் அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்டது, கூட்டம் இழுத்தது, இழுல என்றும் இழுங்கோ என்றும் இழுடா மாப்ள என்றும் தத்தம் ஊர்ப் பேச்சில் கத்திக்கொண்டு, சறுக்கி விழுந்து, விழுந்தவர்கள் படுத்தபடியே பிடித்துக்கொண்டு இழுத்தது. தண்ணீர் தேசம்மாவை இடுப்புக்கு அடித்தது, கழுத்துக்கு அடித்தது, தலையை மூடியது, அவள் கயிற்றை விடவில்லை. கயிறு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடப் பார்த்தது, அவள் விடவில்லை.

தண்ணீர் வடிந்தபோது படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஆள் இல்லை. பக்தவச்சலம் இரண்டு பேரை வைத்துக்கொண்டு படகைப் புரட்டினார். அதன் அடியில், விளிம்பை இறுக்கிப் பிடித்த கையை இன்னும் எடுக்காமல், மணலும் பாசியுமாக எத்திராசு குப்புறக் கிடந்தார். பக்தவச்சலம் முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்தார். எத்திராசு கடலைக் கக்கினார், இருமினார், மறுபடி கக்கினார், மூச்சை இழுத்தார். பிறகு தலையைத் தூக்கி, திறந்த வாய் திறந்தபடி, பதினோரு மாதமாகத் தொண்டையில் நின்றிருந்த வார்த்தையை முழுசாகக் கத்தினார்.

"போட்டப் புடிமே! போட்டு போவுது, போட்டப் புடி!"

குப்பத்தில் படகுக்குப் பேர் போட்டு; இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அந்த மாசி மாதத்து மதியத்திலேயே இருந்தார், அவருக்குப் பின்னால் அலை வந்துகொண்டிருந்தது, கரையில் அவர் கண்ணுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான், அவளைத்தான் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். தேசம்மா மணலில் தவழ்ந்து அவரிடம் போனாள். உரிந்த கையிலிருந்து கயிற்றை இன்னும் விடாமல், "புடிச்சிட்டேன்யா, புடிச்சிட்டேன், கத்தாத" என்று சொல்லி, அத்தனை ஊர் ஜனமும் பார்க்க ஓவென்று அழுதாள்.